அந்தமானில் ஸ்கூபா, ஸ்நார்கெலிங்: கடலில் இறங்கும் முன் அறிய வேண்டியவை

வங்காள விரிகுடாவுக்கும் அந்தமான் கடலுக்கும் இடையே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் அந்தமான் நிகோபார் தீவுக்கூட்டத்தில் தீவுகள், பாறைத்திட்டுகள் என மொத்தம் 836 நிலத்துண்டுகள் இருப்பதாக அரசுக் கணக்கு கூறுகிறது. அவற்றில் மக்கள் வசிப்பவை சுமார் 31 மட்டுமே. சுற்றுலாப் பயணிகள் செல்லக்கூடியவை அதனினும் குறைவு. ஆயினும், கடலுக்கடியில் சென்று பவளப்பாறைகளைப் பார்க்க விரும்பும் இந்தியர்கள் முதலில் எண்ணும் இடமாக இத்தீவுகளே இன்று விளங்குகின்றன. தேனிலவுக்குச் செல்வோர், குழந்தைகளுடன் செல்லும் குடும்பத்தினர், விடுமுறையில் கூடும் நண்பர் குழாம் என எத்தரப்பினரின் பயணத் திட்டத்திலும் 'ஒரு ஸ்கூபா, ஒரு ஸ்நார்கெலிங்' என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது.

அந்த வரி பயணத்தின் எந்த நாளில் எழுதப்பட்டிருக்கிறது என்பது பலர் நினைப்பதைவிட முக்கியமானது. அதற்கான காரணத்தை அறிய, நீருக்கடியில் மனித உடலுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டும் ஒன்றல்ல

ஸ்நார்கெலிங் என்பது நீரின் மேற்பரப்பிலேயே குப்புற மிதந்தபடி, முகமூடிக் கண்ணாடி வழியாகக் கீழே பார்ப்பது. வாயில் கவ்விய குழாயின் மறுமுனை நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுவாசிப்பது வெளிக்காற்றைத்தான். குழாயை இன்னும் நீளமாகச் செய்தால் ஆழத்துக்கும் போகலாமே என்ற ஐயம் பலருக்கு எழுவதுண்டு. அது இயலாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீரின் அழுத்தம் மார்பை நெருக்கத் தொடங்கிவிடும். வெளிவிட்ட காற்றும் நீண்ட குழாய்க்குள்ளேயே தங்கி மீண்டும் உள்ளே வரும். எனவேதான் ஸ்நார்கெலிங் குழாய் ஒரு முழத்துக்கும் குறைவான நீளத்திலேயே செய்யப்படுகிறது.

ஸ்கூபாவில் காற்றை முதுகில் சுமந்துகொண்டு இறங்குகிறோம். பிரான்சைச் சேர்ந்த ஜாக் கூஸ்தோ, எமில் கன்யான் ஆகிய இருவரும் 1943ஆம் ஆண்டு உருவாக்கிய கருவியே இன்றைய ஸ்கூபாவின் மூலம். உருளையில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும் காற்றை, ரெகுலேட்டர் என்ற கருவி, மூழ்குபவர் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்பக் குறைத்து வாய்க்கு வழங்குகிறது. மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்று வரும், விடும்போது நிற்கும்.

இந்த உருளையை 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்று எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அதில் இருப்பது ஆக்சிஜன் அன்று; நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். 21 சதவீத ஆக்சிஜனும் எஞ்சியதில் பெரும்பகுதி நைட்ரஜனும் கொண்டது. தூய ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டு 6 மீட்டருக்குக் கீழே சென்றால் அது நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பை உண்டாக்கக்கூடும். சொல் பிழை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. உருளையில் நைட்ரஜன் இருப்பதை உணராதவருக்கு, ஸ்கூபாவின் மிக முக்கியமான விதி ஏன் இருக்கிறது என்பது விளங்காது.

அழுத்தத்தின் கணக்கு

கடலில் 10 மீட்டர் இறங்கும்போது உடலின் மீதுள்ள அழுத்தம் இரு மடங்காகிறது. 20 மீட்டரில் மூன்று மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. உடலின் பெரும்பகுதி நீரால் ஆனது என்பதால் அழுத்தம் அதைப் பாதிப்பதில்லை. காற்று நிறைந்த இடங்களைத்தான் பாதிக்கிறது. அவை காது, மூக்கைச் சூழ்ந்த எலும்பறைகள், நுரையீரல்.

காது வலி முதலில் தெரியும். இரண்டு மூன்று மீட்டர் இறங்கியதுமே செவிப்பறை உள்நோக்கி அழுத்தப்படும். மூக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் 'டப்' என்ற ஒலியுடன் உள்ளழுத்தம் சமமாகும். விமானம் இறங்கும்போது செய்வதைப் போன்றதே இது. வலி வந்த பிறகு செய்வது தவறு. வலி வருவதற்கு முன்பே, அரை மீட்டருக்கு ஒருமுறை செய்துகொண்டே இறங்க வேண்டும். சளி பிடித்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். முன்பணம் கட்டிவிட்டோமே என்பதற்காகச் சளியுடன் இறங்கிச் செவிப்பறையைப் புண்ணாக்கிக்கொள்வது, சிறு காயங்களில் மிகவும் பரவலானதும் எளிதில் தவிர்க்கக்கூடியதுமாகும்.

நுரையீரலின் கணக்கு வேறு. 10 மீட்டர் ஆழத்தில் இரு மடங்கு அழுத்தத்தில் இழுத்த ஒரு மூச்சு, மேலே வந்ததும் இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால் விரியும் காற்றுக்கு வழி இல்லாமல் நுரையீரல் கிழிந்துவிடலாம். காற்றுக்குமிழி இரத்தத்தில் கலந்து மூளைக்குச் செல்லலாம். இதற்குப் பேராழம் தேவையில்லை, ஓரிரு மீட்டரே போதும். உலகெங்கும் ஸ்கூபா மாணவருக்குக் கற்பிக்கப்படும் முதல் விதி இதுவே: மூச்சை ஒருபோதும் அடக்காதே. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த நம் முன்னோர் மூச்சடக்கித்தானே மூழ்கினர் என்று கேட்கலாம். அவர்கள் கரையில் இழுத்த மூச்சுடன் இறங்கி அதே மூச்சுடன் ஏறினர். ஆழத்தில் புதிதாகக் காற்றை இழுக்கவில்லை. ஆபத்தை உண்டாக்குவது அந்த வேறுபாடுதான்.

விமானத்துக்கு முந்தைய நாள்

இனி நைட்ரஜனுக்கு வருவோம். நிலத்தில் நாம் இழுக்கும் நைட்ரஜன் உடலுக்கு எந்தப் பயனும் தீங்கும் இன்றி வெளியேறிவிடுகிறது. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது அது இரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. மூடிய சோடா பாட்டிலில் வாயு கரைந்திருப்பது போல. பாட்டிலை மெல்லத் திறந்தால் சத்தமின்றி வாயு வெளியேறும். சட்டெனத் திறந்தால் நுரை பொங்கும். மூழ்கியவர் வேகமாக மேலேறினால் அவரது இரத்தத்திலும் இவ்வாறே குமிழிகள் தோன்றும். மூட்டுவலி, தோல் அரிப்பு, மரத்துப்போதல் தொடங்கி, கடுமையானால் பக்கவாதம் வரை செல்லக்கூடிய இந்நிலையே அழுத்தக்குறைவு நோய். இதனால்தான் நிமிடத்துக்குச் சுமார் 9 மீட்டர் என்ற மெதுவான வேகத்தில் மேலேறுவதும், மேற்பரப்புக்கு வருமுன் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வருவதும் வழக்கமாக உள்ளன.

மேலே வந்த பிறகும் நைட்ரஜன் முழுவதுமாக வெளியேறுவதற்குப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் விமானம் ஏறினால், விமான அறைக்குள் நிலவும் குறைந்த காற்றழுத்தம் சோடா பாட்டிலை இன்னும் சற்றுத் திறந்துவிடுகிறது. கரையில் நலமாக இருந்தவருக்கு நடுவானில் அறிகுறிகள் தோன்றலாம். எனவே, ஒரே ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், ஒரே நாளில் பலமுறையோ பல நாள்களோ மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் விமானப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது மூழ்காளர் மருத்துவத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட வரையறை. பயிற்றுநர்கள் பலர் ஒரு முழு நாள் இடைவெளியையே பரிந்துரைக்கின்றனர். மேற்பரப்பில் மட்டும் மிதக்கும் ஸ்நார்கெலிங்கிற்கு இந்த விதி பொருந்தாது.

பயணத் திட்டத்தில் ஸ்கூபா எந்த நாளில் இருக்கிறது என்பது முக்கியமாவது இதனால்தான். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் தொலைவில் உள்ள போர்ட் பிளேருக்கு விமானத்திலேயே பெரும்பாலானோர் வந்து திரும்புகின்றனர். ஐந்து நாள் பயணமென்றால் இரண்டாம், மூன்றாம் நாள்களில் கடலில் இறங்கிவிட்டு, 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையையும் ராஸ் தீவையும் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்வது அறிவுடைமை. பல பயண நிறுவனங்கள் தரும் அட்டவணை இதற்கு நேர்மாறாக, வந்திறங்கிய அன்றே சிறையைக் காட்டிவிட்டு, கடலைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கும். கேட்டால் மாற்றித் தருவார்கள். கேட்க வேண்டும்.

எங்கே செல்வது

தீவுகளின் தலைநகர் போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அதற்கு முன்பே, 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவு என்றும், நீல் தீவு ஷஹீத் தீவு என்றும், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றும் பெயர் பெற்றன. ஆயினும் பேச்சு வழக்கில் பழைய பெயர்களே நிலைத்துள்ளதால் இரண்டையும் அறிந்திருப்பது நல்லது.

ஸ்கூபாவின் மையம் ஹேவ்லாக். தலைநகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். தனியார் கப்பலில் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரம் ஆகலாம். புதியவர்களைக் கரையிலிருந்தே அழைத்துச் செல்லும் நீமோ ரீஃப் இங்குதான் உள்ளது. பயிற்சி முடித்தவர்கள் படகில் சென்று 'தி வால்' என்ற செங்குத்துச் சரிவிலும், சுறாக்கள் தென்படும் ஜானிஸ் கார்ஜிலும், டிக்சன்ஸ் பினகிள் என்ற கடலடிக் குன்றுகளிலும் மூழ்குகின்றனர். இவை புதியவர்களுக்கானவை அல்ல.

ஸ்நார்கெலிங்கிற்கு ஹேவ்லாக்கின் எலிஃபன்ட் கடற்கரை மிகப் பிரபலம். படகிலோ காட்டுப் பாதையில் நடந்தோ அங்கு செல்லலாம். மரம் இழுப்பதற்காக அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்ட யானைகளுள் ராஜன் என்ற ஒன்று, கடலில் நீந்தும் யானையாக உலகப் புகழ்பெற்று 2016இல் ஹேவ்லாக்கில் மறைந்தது. அதனுடன் நீந்துவதற்கென்றே வெளிநாட்டினர் வந்த காலம் உண்டு. கூட்டம் பிடிக்காதவர்கள் நீல் தீவைத் தேர்ந்தெடுக்கலாம்.

தெற்கு அந்தமானின் வண்டூரிலிருந்து செல்லும் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா 1983இல் அமைக்கப்பட்டது. பரப்பளவு 281.5 சதுர கிலோமீட்டர். அதிலுள்ள ஜாலி பாய், ரெட் ஸ்கின் ஆகிய இரு தீவுகளும் ஆண்டின் வெவ்வேறு பருவங்களில் மாறி மாறித் திறக்கப்படுகின்றன. மூடிய பருவத்தில் பவளம் ஓய்வு பெறுகிறது. வனத்துறை அனுமதி பெற்றே செல்ல இயலும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் எதற்கும் அங்கு இடமில்லை. இத்தனை கெடுபிடி உள்ள இடத்தில்தான் பவளம் பார்க்கத்தக்க நிலையில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நவம்பர் முதல் மே வரை ஏற்ற காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நீர் மிகத் தெளிவாக இருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்துக் கப்பல்கள் ரத்தாவது இயல்பு. இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பதால் கிழக்கே வெகுதொலைவில் உள்ள அந்தமானில் அதிகாலை 5 மணியளவிலேயே விடிந்து, மாலை ஐந்தரைக்குள் பெரும்பாலும் இருண்டுவிடும். மூழ்கும் படகுகள் காலையிலேயே புறப்பட்டுவிடும். தாமதமாக எழுபவர்களுக்கு இந்த விடுமுறை ஒத்துவராது.

நீச்சல் தெரியாதவர் இறங்கலாமா

இறங்கலாம், ஒரு வரம்புக்குள். விளம்பரங்களில் காணப்படும் அறிமுக ஸ்கூபா, சான்றிதழ் இல்லாதவர்களுக்கானது. பயிற்றுநர் ஒருவர் உடனிருந்து, மிதவைக் கருவியையும் உருளையையும் தானே இயக்கி அழைத்துச் செல்வார். இதற்கு அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். வயது 10 நிறைந்திருக்க வேண்டும். நீருக்கடியில் இருக்கும் நேரம் பெரும்பாலும் அரை மணிக்கு மேற்படாது.

தாமே மூழ்கக் கற்க விரும்புவோருக்கு 'ஓப்பன் வாட்டர்' என்ற தொடக்கப் பயிற்சி உண்டு. பாடி, எஸ்எஸ்ஐ முதலிய அமைப்புகளின் சான்றிதழ்கள் உலகெங்கும் செல்லும். மூன்று அல்லது நான்கு நாள் நடைபெறும் இப்பயிற்சியில் வகுப்பு, ஆழமற்ற நீரில் பயிற்சி, கடலில் நான்கு முறை மூழ்குதல் ஆகியவை அடங்கும். இதற்கு 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தேறியவர் துணையுடன் 18 மீட்டர் வரை செல்லலாம். அடுத்த நிலையில் 30 மீட்டர். பொழுதுபோக்கு மூழ்குதலின் உச்சவரம்பு 40 மீட்டர்.

ஸ்கூபா ஆபத்தானது, ஸ்நார்கெலிங் குழந்தை விளையாட்டு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. ஸ்கூபாவில் பயிற்றுநரின் கண் பயணியை விட்டு அகலாது. ஸ்நார்கெலிங்கில் ஒருவரே பலரை மிதவை வளையத்தில் இழுத்துச் செல்வதுண்டு; வளையத்தை விட்டு விலகுபவரை யாரும் கவனிக்காமல் போகலாம். குழாயில் நீர் புகுந்ததும் பதறி எழுந்து நிற்க முயன்று, கால் எட்டாத ஆழத்தில் தடுமாறுவதே விபத்துக்கு வழி வகுக்கிறது. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமல் இருப்பதும், இருவர் இருவராகவே செல்வதும், இடுப்பளவு நீரில் குழாயிலிருந்து நீரை ஊதி வெளியேற்றப் பழகிய பிறகே நகர்வதும் உயிர் காக்கும்.

கண்ணாடி அணிவோருக்கு ஓர் ஆறுதல். பார்வைக் குறைபாட்டுக்கு ஏற்ற முகமூடிகள் பல மையங்களில் உள்ளன. முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும்.

மறைக்கக் கூடாத படிவம்

கரையில் கையெழுத்து வாங்கும் தாள்களில் ஒன்று உடல்நல வினாப்பட்டியல். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை, அண்மைய நுரையீரல் தொற்று, கருவுற்றிருத்தல் முதலியவற்றைப் பற்றி அது கேட்கும். இவற்றுள் ஒன்றுக்கு 'ஆம்' என்றால் மருத்துவச் சான்று கேட்பார்கள். அல்லது அன்று இறங்க முடியாது. ஆகவே 'இல்லை' என்று வரிசையாகக் குறியிட்டுவிடுவோர் உண்டு. ஆஸ்துமா உள்ளவரின் சுருங்கிய மூச்சுக்குழாயில் சிக்கிய காற்று, அவர் மூச்சை அடக்காவிட்டாலும் அடக்கியதற்குச் சமமான விளைவை உண்டாக்கலாம். கருவுற்ற பெண்கள் ஸ்கூபாவில் இறங்கவே கூடாது. ஐயமுள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டு வருவது மேல்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் ஒப்பிடுவது போதாது. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், படகில் அவசர ஆக்சிஜன் உள்ளதா, அழுத்த அறை சிகிச்சைக்கு எங்கே கொண்டுசெல்வார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்கலாம். அறிமுக ஸ்கூபாவில் ஒருவருக்கு ஒருவர் என்பதே விரும்பத்தக்கது. தயங்காமல் பதில் சொல்லும் மையம் பெரும்பாலும் நல்ல மையமே.

கடலின் உயிர்களும் சட்டமும்

பவளம் பாறையன்று, உயிரினம். சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகின்றன. அவற்றின் திசுவில் வாழும் நுண்பாசிகளே நிறத்தையும் உணவின் பெரும்பகுதியையும் தருகின்றன. கோடையின் உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி அளவுக்குக் கடல் சில வாரங்கள் சூடாக இருந்தாலே பவளம் இப்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். வெப்பம் விரைவில் தணிந்தால் மீளும், இல்லையேல் மடியும். 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் இந்தியப் பவளத்திட்டுகள் இவ்வாறு வெளுத்தன. உலகளவிலான நான்காவது வெளிறல் 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அந்தமான் அதற்கு முன்பே ஓர் அடியைச் சந்தித்திருந்தது. 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் வடக்குப் பகுதியின் தீவுகள் சில மேலெழும்பியதால், பவளத்திட்டுகள் நீருக்கு வெளியே நின்று காய்ந்து மடிந்தன.

ஆகவே பழைய படங்களில் உள்ள வண்ணத்தை எதிர்பார்த்துச் செல்வோர் சில இடங்களில் ஏமாற்றமடையக்கூடும். நிறம் குன்றித் தெரிவதற்கு இயற்பியலும் ஒரு காரணம். சிவப்பு நிறத்தை நீர் முதல் சில மீட்டர்களிலேயே உறிஞ்சிவிடுவதால், விளக்கின்றிப் பார்த்தால் யாவும் நீலமாகவே தோன்றும்.

பவளத்தைக் கால்துடுப்பால் உதைப்பதும், களைப்பாற அதன்மீது நிற்பதும் பல ஆண்டு வளர்ச்சியை ஒரு நொடியில் உடைத்துவிடும். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் பவள வகைகள் உண்டு. ஆக்சிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீனை பலாவு நாடு 2020இலும் அமெரிக்காவின் ஹவாய் மாகாணம் 2021இலும் தடை செய்தன. முழுக்கைச் சட்டை அணிந்து இறங்கினால் அந்தச் சிக்கலே இல்லை.

கரையில் ஒதுங்கிய பவளத் துண்டை நினைவுப் பொருளாகப் பையில் போடுவது குற்றம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் உள்ளது. இறந்த துண்டுக்கும் இது பொருந்தும். தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் ஆகும். சிப்பி, சங்கு வகைகள் சிலவற்றுக்கும் இதே காப்பு உண்டு.

தொடாமல் இருப்பது நமக்கும் காப்பு. கல்மீன் பாறைபோலவே கிடக்கும். அதன் முதுகு முள்ளில் கடும் நஞ்சு உண்டு. லயன்ஃபிஷ் அழகானது, அதுவும் நஞ்சுடையது. சுறாக்களைப் பற்றிய அச்சம் மிகை. உண்மையில் அஞ்ச வேண்டியது உவர்நீர் முதலையை. 2010இல் ஹேவ்லாக்கில் ஸ்நார்கெலிங் செய்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் முதலையால் கொல்லப்பட்டார். சதுப்புநிலக் காடுகளையும் ஓடை முகத்துவாரங்களையும் ஒட்டிய நீரில் இறங்கக் கூடாது. எச்சரிக்கைப் பலகை இருக்குமிடத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் 'பரவாயில்லை' என்றாலும் ஏற்க வேண்டியதில்லை.

அந்தமானின் மாநில விலங்கு கடற்பசு. தமிழகக் கடலோர மக்கள் ஆவுளியா என்று அழைக்கும் அதே விலங்கு. காண்பது மிக அரிது.

லட்சத்தீவும் மன்னார் வளைகுடாவும்

அந்தமானுக்கு மாற்றாகப் பேசப்படுவது லட்சத்தீவு. 36 தீவுகள், மக்கள் வசிப்பவை 10, மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். முழுவதும் பவளத்தாலேயே உருவானவை என்பதால் தீவைச் சூழ்ந்த காயல் ஆழமின்றி அமைதியாக இருக்கும். ஸ்நார்கெலிங்கிற்கு அந்தமானைவிடவும் ஏற்றது என்று சொல்லலாம். 2024 ஜனவரியில் பிரதமர் நரேந்திர மோடி அங்கு ஸ்நார்கெலிங் செய்த படங்கள் வெளியான பிறகு ஆர்வம் பெருகியது. ஆனால் இந்தியர்களும் நுழைவு அனுமதி பெற வேண்டும். அறைகளும் கொச்சியிலிருந்து அகத்திக்குச் செல்லும் விமான இருக்கைகளும் மிகக் குறைவு. அந்தமானில் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் ஆகியவற்றுக்கு இந்தியர்களுக்கு அனுமதி தேவையில்லை. பழங்குடியினர் காப்பகப் பகுதிகளுக்கு மட்டும் தடை உண்டு.

தமிழகத்தின் மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளை உள்ளடக்கிய கடல் தேசியப் பூங்கா 1986இல் அமைக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியெடுக்கப்பட்டதன் விளைவாக அவற்றில் இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. எஞ்சிய தீவுகளுக்குப் பொதுமக்கள் செல்வதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளன.

அந்தமான் செல்வோர் ஹேவ்லாக் கப்பல் இருக்கைகளை டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெகு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே தலைநகருக்கு வந்துவிடுவது நல்லது. கடல் சீற்றத்தால் கப்பல் ஒரு நாள் தாமதமானாலும் விமானம் தவறாது. நைட்ரஜன் வெளியேற வேண்டிய இடைவெளியும் தானே கிடைத்துவிடும்.